படிக்கட்டில் மூன்று வீடு

மூன்று குடும்பங்கள் ஒரே நாளில், ஒரே கட்டடத்துக்குள்ளேயே வீடு மாறப் போகின்றன என்று தெரிந்ததும் எங்கள் முதலாளிக்கு வாயெல்லாம் பல். "ஒரே படிக்கட்டு, ஒரே ஆளுங்க, மூணு லோடு! லாரி எதுக்கு, டீசல் எதுக்கு? பூனை குட்டியைத் தூக்கற மாதிரி தூக்கி வெச்சுட்டு வந்துடுங்கடா" என்று எங்களை மழையில் அனுப்பி வைத்தார்.

பூனை குட்டியைத் தூக்குகிறபோது எதிரே இன்னொரு பூனை இன்னொரு குட்டியோடு வருவதில்லை. அது அவருக்குத் தோன்றவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை என்பதுதான் வெட்கம்.

அந்தக் கட்டடம் எனக்கு அத்துப்படி. நடுமாடியில் என் மகள் குடியிருந்தாள். சந்துக்கு இந்தப் பக்கம், சலவைக்கடையை ஒட்டி இருக்கிற ஒற்றை அறை என்னுடையது. நடுவே ஒரு சந்துதான். அவள் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் எனக்குப் பசிக்கும்.

மேல்மாடியில் ஒரு பேராசிரியர். பொருளாதாரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். முழங்கால் தேய்ந்துபோனதால் கீழ்வீட்டுக்கு வர விரும்பினார். கீழ்வீட்டில் ஒரு பேக்கரிக்காரர்; இரட்டைப் பெண்குழந்தைகள் வளர்ந்துவிட்டதால் சற்றுப் பெரிதான நடுவீட்டுக்கு ஏற விரும்பினார். நடுவீட்டிலிருந்த என் மகளும் மாப்பிள்ளையும் மேல்வீட்டுக்குப் போக விரும்பினார்கள். அங்கே மொட்டைமாடியைப் பார்த்தபடி ஒரு சின்ன அறை உண்டு.

அந்தச் சின்ன அறை எனக்கு. அதாவது, எனக்கென்று அவள் முடிவு செய்தது.

"முதுகு போயிடுச்சு, இன்னும் எத்தனை நாளைக்கு மூட்டை தூக்குவ? எங்ககூட வந்து இருப்பா" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் மழுப்பிக்கொண்டே இருந்தேன். போன மாதம் ஒருநாள் அவள் கம்ப்யூட்டரில் ஏதோ நிரப்பிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். என் பேர் இருந்தது. நரைத்த பிறகு எழுத்துக் கற்றவன் நான். எங்காவது என் பேரைப் பார்த்தால் கால் தானாக நின்றுவிடும். பேருக்குப் பக்கத்தில் 'டிபெண்டென்ட்' என்று இருந்தது. கூட்டிக் கூட்டிப் படித்து, அப்படியென்றால் என்ன என்று கேட்டேன்.

"ஆபீஸ்ல ஆஸ்பத்திரிச் செலவு குடுப்பாங்கப்பா. அதுக்கு, என்னை நம்பி இருக்கறவங்க யாருன்னு கேக்கறாங்க."

"நான் உன்னை நம்பியா இருக்கேன்?"

"ஐயோ, அது சும்மா ஒரு வார்த்தைப்பா!"

"ஊர்ல பாதிப் பேரோட பீரோவ இந்த முதுகுல சுமந்திருக்கேன். நான் யாரையும் அண்டிப் பிழைக்கறவன் இல்ல."

அதோடு பேச்சு நின்றது. உன் சாமானை மேலே ஏற்றித் தருவேன், வேலை முடிந்ததும் என் அறைக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டேன். அவளும் சரி என்றாள். அவள் இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னால் நான் உஷாராக இருந்திருக்க வேண்டும்.

வீட்டுக்காரம்மாவின் சட்டம் ஒன்று இருந்தது. ஒரு வீடு முழுசாகக் காலியாகி, அவர் கண்ணால் பார்த்து, சுவரில் ஆணி இருக்கிறதா, குழாய் சொட்டுகிறதா என்று தடவிப் பார்த்த பிறகுதான் அடுத்த குடித்தனத்துக்குச் சாவி. கணவரை விட்டாலும் இந்தச் சட்டத்தை விடமாட்டார் என்பார்கள். தனித்தனியாக மூன்று பேரிடமும் ஒன்றையே சொல்லியிருந்தார்: "அவங்க காலி பண்ணின உடனே நீங்க போயிடலாம்."

மூன்று பேரும் அந்த 'அவங்க'ளுக்காகக் காத்திருந்தார்கள்.

நாங்கள் நான்கு பேர் போனோம். என்னோடு எப்போதும் ஜோடி சேரும் நெட்டை, அப்புறம் இரண்டு பேர். வாசலில் நின்றதும் மூன்று வீட்டிலிருந்தும் ஒரே குரல்: "முதல்ல எங்க வீடு!" யார் மனத்தையும் நோகடிக்கக் கூடாது என்று மூன்று வீட்டிலும் ஒரே நேரத்தில் கைவைத்தோம். சுமை தூக்குகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. எங்கள் கை சும்மா இருந்தால் எங்களுக்குப் பொறுக்காது.

பேராசிரியரின் இரும்புப் பீரோ மேலிருந்து இறங்கியது. அதே நேரம் என் மகளின் ஃப்ரிட்ஜ் நடுமாடியிலிருந்து ஏறியது. இரண்டும் மேல்திருப்பத்தில் சம்பந்திகள்போல நெஞ்சோடு நெஞ்சு மோதிக்கொண்டு நின்றன. ஃப்ரிட்ஜைத் திரும்ப உள்ளே கொண்டுபோகலாம் என்று பார்த்தால், கதவு திறந்திருப்பதைக் கண்ட பேக்கரிக்காரர் தன் குழந்தைகளின் அடுக்குக் கட்டிலை அவசரமாக மேலே ஏற்றவைத்து என் மகள் வீட்டு நிலைவாசலில் குறுக்காகச் செருகிவிட்டிருந்தார். கட்டிலைப் பின்னுக்கு இழுக்கலாம் என்றால், அதன் வாலைப் பிடித்தபடி மாவு பிசைகிற அவருடைய கல்மேசை படியில் நின்றது. மேசையை இறக்கலாம் என்றால், கீழே நடை முழுக்க அவருடைய மெத்தைகளும் மாவு மூட்டைகளும். அவற்றைத் திரும்பக் கீழ்வீட்டுக்குள் வைத்தால் அது காலியாகாது, சாவி வராது. வெளியே வைக்கலாம் என்றால் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. மாவு மூட்டையை மழையில் வைத்தால் அது மூட்டையாகத் திரும்பி வராது.

எல்லாம் நின்றது. மேலே பீரோவுக்கு அந்தப் பக்கம் நெட்டையும், பேராசிரியரும், ஆணி எண்ணுவதற்காக ஏறிப்போன வீட்டுக்காரம்மாவும். நடுவே நானும் என் மகளும். கீழே பேக்கரிக்காரரும் மற்ற இருவரும்.

"அம்மா, கீழ்வீட்டுச் சாவியைப் போடுங்க!" என்று கத்தினேன்.

"வீடு காலியாகாம சாவி வெளிய வராது!" என்றது பீரோ. அதாவது பீரோவுக்குப் பின்னாலிருந்து வீட்டுக்காரம்மா.

"சாவி வெளிய வந்தா தானேம்மா காலியாகும்?"

"காலியானா தானேப்பா சாவி வரும்?"

"ரெண்டும் நடக்கலன்னா நீங்க எப்படிம்மா இறங்குவீங்க?"

பீரோவை அசைத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் மெதுவாக வந்தது. "அதை நான் யோசிக்கல."

என் மகளுக்குச் சிரிப்பு பிடித்துக்கொண்டது. சாதாரணச் சிரிப்பில்லை. ஃப்ரிட்ஜில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தாள். "அப்பா, இது டெட்லாக்ப்பா! எங்க ஆபீஸ்ல புரோகிராம்ல வரும். இது ஓடணும்னா அது ஓடணும், அது ஓடணும்னா இது ஓடணும். ரெண்டும் மரியாதையா ஒண்ணையொண்ணு பாத்துட்டே நின்னுடும். ஸ்கிரீன்ல மட்டும் சக்கரம் சுத்திட்டே இருக்கும்!"

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணைக் கொன்னுடுவோம்."

"பீரோவையா?" என்றான் மேலிருந்து நெட்டை ஆவலோடு.

"என் பீரோவைத் தொட்டீங்கன்னா பாருங்க!" என்றார் பேராசிரியர். ஆனால் அவர் குரலில் கோபமில்லை, ஒரே குதூகலம். "நான் காலமெல்லாம் கிளாஸ்ல கத்தினது இதுதான் பாப்பா! ஒரு நாடு பருத்தியை விக்கும், இன்னொரு நாடு அதைச் சட்டையாத் தைச்சு அவங்ககிட்டயே திருப்பி விக்கும். சட்டை போட்டவன் சொல்வான், பருத்திக்காரன் என்னை நம்பித்தான் வாழறான்னு. பருத்தி வரலன்னா அவன் வெத்து உடம்போட நிக்கணும்! யார் யாரை நம்பி இருக்கான்னு நின்னு பாத்தா தான் தெரியும். இப்ப நின்னுட்டோம், பாருங்க!"

"சார், நீங்க நிக்கல, நாற்காலில உக்காந்திருக்கீங்க," என்றான் நெட்டை. "நான் தான் பீரோவைப் புடிச்சுட்டு நிக்கறேன்."

"அதுக்கும் கணக்கு இருக்குப்பா. உழைக்கறவங்க எத்தனை, அவங்களை நம்பி உக்காந்திருக்கறவங்க எத்தனைன்னு வகுத்துப் பாக்கணும்."

"மேல்மாடில உழைக்கறது நான் ஒருத்தன். உக்காந்திருக்கறது நீங்க ரெண்டு பேர். வகுத்துச் சொல்லுங்க, என் தோள் கழண்டு விழறதுக்குள்ள."

அப்போது கீழேயிருந்து பேக்கரிக்காரர் அலறினார். "ஐயையோ, மாவு பொங்குது!"

அது ஒரு மண் ஜாடி. ரொட்டியைப் புளிக்க வைக்கிற மூல மாவு அதற்குள் இருந்தது. அவருடைய பேக்கரி முழுக்க அந்த ஒரு ஜாடியில்தான் நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். தினமும் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புது மாவில் கலப்பார். எடுத்த அளவுக்கு மாவும் தண்ணீரும் ஊற்றி அதற்குத் தீனி போடுவார். வேளைக்குத் தீனி போடாவிட்டால் செத்துவிடும். அடக்கி வைத்தால் பொங்கிவிடும். அந்த ஜாடி மெத்தைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, வெக்கையில் மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தது. மூடி டக் டக்கென்று தட்டும் சத்தம் எங்களுக்கே கேட்டது.

"அதுக்கு இடம் வேணும், பெரியவரே! இல்லன்னா நாளைக்கு ரொட்டி இல்ல, கடை இல்ல, நான் இல்ல!"

"உங்க மாவு உங்களை நம்பி இருக்கா, நீங்க அதை நம்பி இருக்கீங்களா?" என்று பேராசிரியர் மேலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார்.

"சார், வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க!"

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இந்த முடிச்சை எங்கே அவிழ்க்கலாம் என்று எனக்குத் தெரியும். நனையாத, காலியான ஓர் இடம் வேண்டும். சந்தைத் தாண்டினால் அந்த இடம் இருந்தது. ஒரு கட்டில், ஒரு கொடி, ஒரு பானை தவிர ஒன்றுமில்லாத என் அறை. மூட்டைகளும் மெத்தைகளும் தாராளமாகக் கொள்ளும். சாவி என் இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த அறையை ஒரு பொழுதுக்கு விட்டுக்கொடுத்தால் சாயங்காலம் நான் போய் நிற்க ஓர் இடம் இருக்காதே என்று பயம். அந்த அறை இருந்ததால்தான் மகளிடம் நெஞ்சை நிமிர்த்திப் பேச முடிந்தது.

என் மகள் சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். இடுப்பை இல்லை, முகத்தைத்தான் பார்த்தாள். அவளுக்கும் தெரியும். அவள் கேட்கமாட்டாள். கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். அதுதான் அவளுடைய சாமர்த்தியம். என் தலையிலிருந்த சும்மாட்டுத் துணியை எடுத்து உதறி, மடித்து, திரும்ப என் கையில் கொடுத்தாள். அவ்வளவுதான்.

கீழே மூடி மறுபடி தட்டியது. டக், டக், டக்.

"யோவ், ஜாடியை எடுய்யா!" என்று கத்திவிட்டேன். "மூட்டையையும் எடுங்க! சந்துக்கு அந்தப் பக்கம் என் அறை!"

சாவியைக் கீழே விட்டெறிந்தேன். அது கல்மேசையில் பட்டுத் துள்ளி, பேக்கரிக்காரரின் மழைக்கோட்டுத் தொப்பிக்குள் விழுந்தது. அவர் அதைத் தேடிச் சுற்றிச் சுற்றி ஆடியதை நெட்டையால் பார்க்க முடியவில்லை என்று அவனுக்கு இன்றைக்கும் வருத்தம்.

அதற்குப் பிறகு நடந்ததை வேலை என்று சொல்ல மனம் வரவில்லை. தார்ப்பாய்க்கு ஆளுக்கொரு முனை பிடித்து, அதன் அடியில் மூட்டைகளும் மெத்தைகளும் சந்தைத் தாண்டி ஓடின. பேக்கரிக்காரர் ஜாடியைக் கைக்குழந்தைபோல மார்பில் அணைத்துக்கொண்டு, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று ஆளே இல்லாத சந்தில் கூவிக்கொண்டு போனார். நடை காலியானதும் கல்மேசை இறங்கியது. மேசை இறங்கியதும் கட்டில் நகர்ந்தது. கட்டில் நகர்ந்ததும் ஃப்ரிட்ஜ் பின்வாங்கி என் மகள் வீட்டுக்குள் நுழைந்தது. பீரோவின் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியதும் நெட்டை விட்ட பெருமூச்சில் மேல்மாடிச் சன்னல் அடித்துக்கொண்டது. கட்டிலும் மேசையும் கீழ்வீட்டில் மிச்சமிருந்ததும் தார்ப்பாய்க்கு அடியில் என் அறைக்கே போய்ச் சேர்ந்தன.

கீழ்வீடு காலி. ஆனால் வீட்டுக்காரம்மா பீரோவுக்குப் பின்னால். பீரோ கீழ்வீட்டுக்குள் போகாமல் அவர் இறங்க முடியாது. அவர் பார்க்காமல் பீரோ கீழ்வீட்டுக்குள் போக முடியாது.

"காலையிலேருந்து டீ இல்ல," என்று அவர் முனகுவது கேட்டது. "டீ இல்லன்னா எனக்கு மண்டை பிளந்துடும். கை நடுங்குது பாரு."

"இதுவும் ஒண்ணை நம்பி இருக்கறதுல ஒரு வகை தான், பாப்பா!" என்றார் பேராசிரியர். "டாக்டருங்க சொல்றது!"

என் மகள் ஒரு வாளியில் டீக்குவளையை வைத்தாள். அதன் பக்கத்தில் தன் போனை வைத்தாள். மேலிருந்து நெட்டை கயிறு விட்டான். படிக்கட்டின் நடுவே இருந்த இடைவெளி வழியாக வாளி ஆடி ஆடி ஏறியது. பேக்கரிக்காரர் தன் போனோடு கீழ்வீட்டுக்குள் நடக்க, அங்கே தெரிவதெல்லாம் மேலே வீட்டுக்காரம்மாவின் கையிலிருந்த போனில் தெரிந்தது. ஒரு கையில் டீ, ஒரு கையில் வீடு.

"அந்த மூலையைக் காட்டு. ஆணியா அது?"

"இல்லம்மா, ஈ."

"பறக்க விடு, பாக்கறேன்."

ஈ பறந்தது. டீ தீர்ந்தது. வெறுங்குவளைக்குள் கீழ்வீட்டுச் சாவி கலகலவென்று இறங்கி வந்தது. அவருடைய சட்டம் முதல்முறையாகக் கயிற்றில் தொங்கியது.

பீரோ இறங்கியது, அதன் பின்னே பேராசிரியர் படிக்கொரு பாடமாக இறங்கினார். மேல்வீடு காலியானது. என் மகள் சாமான் ஏறியது. நடுவீடு காலியானது. என் அறையிலிருந்து கட்டிலும் மேசையும் மூட்டைகளும் திரும்பி வந்து நடுவீட்டில் ஏறின. எல்லாம் அதனதன் இடத்தில். மருத்துவமனை வேலை முடிந்து வந்த மாப்பிள்ளை, பழக்கத்தில் நடுவீட்டுக் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, அடுக்குக் கட்டிலில் குதித்துக்கொண்டிருந்த இரண்டு குழந்தைகளையும் பார்த்து, "நம்ம வீட்ல எப்ப இதெல்லாம் நடந்துச்சு?" என்று கேட்டிருக்கிறார்.

எனக்கு உடம்பெல்லாம் விண்விண்ணென்று தெறித்தது. மகளிடம் சொல்லிக்கொள்ளாமலே சந்தைத் தாண்டி என் அறைக்குப் போனேன். கதவைத் திறந்தேன்.

கட்டிலைக் காணோம்.

கொடி இருந்தது, பானை இருந்தது. நடு அறையில், சலவைக்கடையின் கொதிகலன் சூடு ஏறுகிற அந்தச் சுவரை ஒட்டி, ஜாடி மட்டும் ராஜாவைப்போல உட்கார்ந்திருந்தது. மூடியில்லாமல் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் பேக்கரிக்காரர் சம்மணம் போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, இப்படி ஒரு பொங்கல் பொங்கி நான் பாத்ததே இல்ல. இந்தச் சுவரு சூடு அதுக்குப் பிடிச்சுப்போச்சு. இந்த அறையை எனக்கு விட்டுடுங்க."

"என் கட்டில் எங்கய்யா?"

"கட்டிலா? நெட்டைத்தம்பி உங்க மகள் சாமானோட சேத்துத் தூக்கிட்டுப் போச்சே!"

திரும்ப இரண்டு மாடி ஏறினேன். சின்ன அறையில், சன்னலோரம், என் கட்டில். அதன்மேல் நெட்டை நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தான். கால் பாதி வெளியே இருந்தது.

"ஏண்டா இதைக் கொண்டுவந்த?"

"வழியில இருந்துச்சுண்ணே. வழியில இருந்ததைத் தூக்கறது தானே நம்ம தொழில்?"

"இறக்கு."

"ஒத்தை ஆளா முடியுமா? ஒரு முனை நீங்க புடிங்க." நான் குனிந்தேன். முதுகு பாதியிலேயே நின்றுவிட்டது. நிமிரவும் இல்லை, குனியவும் இல்லை. நெட்டை என்னைப் பார்த்தான். "அண்ணே, நீங்க இப்ப அந்தப் பீரோ மாதிரியே நிக்கறீங்க."

"பாப்பா, நீ வந்து புடி," என்று அந்த நிலையிலேயே கூப்பிட்டேன்.

வாசலில் நின்றிருந்த மகள் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் காட்டினாள். "கை வலிக்குதுப்பா. நாளைக்குப் பாக்கலாமா?"

"நாளைக்கும் வலிக்கும்," என்றான் நெட்டை. "எனக்குத் தெரியும், நாளைக்கும் வலிக்கும்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு முதலில் வந்தது கோபம் என்றுதான் நினைத்தேன். வாயைத் திறந்தபோது வந்தது சிரிப்பு. குனிந்தபடியே சிரித்தால் முதுகில் குத்தும். குத்தக் குத்தச் சிரித்தேன். நெட்டை எழுந்து வந்து என் இடுப்பைப் பிடித்து, பீரோவைச் சாய்க்கிற பதத்தில் சாய்த்து, கட்டிலில் இறக்கி வைத்தான். மகள் கால்பக்கம் பிடித்தாள். கை வலி எங்கே போனதோ.

சன்னலுக்கு வெளியே மழை விட்டிருந்தது. சந்தில் பேக்கரிக்காரர் நின்று மேலே பார்த்துக் கத்தினார்: "பெரியவரே! அறையைக் குடுக்கறதா இருந்தா ஒரு உதவியும் பண்ணணும்! நான் கடையில இருக்கற நேரத்துல, மதியம் அதுக்கு மாவும் தண்ணியும் ஊத்த ஒரு ஆள் வேணும்! வேளை தவறினா செத்துடும்!"

"ஊத்தறேன்யா!" என்றேன் படுத்தபடியே. சத்தம் கீழே போய்ச் சேர்ந்ததா என்று தெரியாததால் நெட்டை சன்னல் வழியாக ஒலிபரப்பினான்: "அண்ணன் ஊத்தறாராம்!"

மகள் தலைமாட்டில் உட்கார்ந்து என் சும்மாட்டைத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

"உன் ஆபீஸ்ல என் பேரு இருக்கட்டும், பாப்பா," என்றேன். "ஆனா என் பேருக்குக் கீழ இன்னொரு பேரும் போடணும். என்னை நம்பி ஒரு உயிர் இருக்கு."

"யாருப்பா அது? பேரு என்ன?"

"பேரு இன்னும் வைக்கல. இப்ப தான் பொங்கி முடிச்சிருக்கு."